சுருதி யாருடையது? வன்னிப் பாடசாலைகளில் சங்கீதக் கற்பித்தலும் மாணவர் தன்னம்பிக்கையும்

1. கேள்வி

இலங்கைப் பாடசாலைகளில் தரம் 6 முதல் தரம் 9 வரை அழகியற் பாடமொன்றைக் கற்பது கட்டாயம். கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் என்று தெரிவுகள் இருந்தாலும், சிறிய பாடசாலைகளில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுவே பிள்ளையின் தெரிவாகிவிடுகிறது. தரம் 10 இல் நிலைமை மாறுகிறது. அங்கே சங்கீதம் விருப்பப் பாடத் தொகுதிக்குள் போய்விடுகிறது. தொடர்வதா விடுவதா என்பதைப் பிள்ளை தீர்மானிக்க வேண்டும். நாலு வருடம் பாடிய பிள்ளை "எனக்குக் குரல் இல்லை" என்று சொல்லி விலகிப்போகும் இடம் இதுதான். பிள்ளை எப்படி இந்த முடிவுக்கு வந்து சேர்கிறது, அதில் ஆசிரியரின் பங்கு என்ன என்பதைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தன்னம்பிக்கையைப் பொதுவான துணிச்சல் என்ற பொருளில் இங்கே எடுக்கவில்லை. மேடையேறிக் கூச்சமின்றிப் பேசும் பிள்ளை பாடச் சொன்னால் ஒடுங்கிப்போவதுண்டு. வகுப்பில் வாய் திறவாத பிள்ளை கோயிலில் தேவாரம் பாடுவதும் உண்டு. "இந்தச் சுரவரிசையை என்னால் பாட முடியும்" என்று ஒரு குறித்த செயலைப் பற்றிப் பிள்ளை வைத்திருக்கும் நம்பிக்கைதான் இங்கு பேசப்படுவது. உளவியலாளர் அல்பேர்ட் பண்டுரா 1977 இல் முன்வைத்த கருத்து இதற்கு அடிப்படை. அந்த நம்பிக்கைக்கு அவர் நான்கு ஊற்றுகளைக் காட்டினார்: தானே செய்து வெற்றி கண்ட அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காணுதல், பிறர் தரும் ஊக்கமொழி, அந்த வேளையில் உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றுள் முதலாவதே வலியது. நமது பாடசாலைகளில் தன்னம்பிக்கை பற்றிய பேச்சோ பெரும்பாலும் மூன்றாவதோடு நின்றுவிடுகிறது. பிள்ளைகளை ஊக்குவியுங்கள் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லப்படுகிறது. எதைச் செய்து ஊக்குவிப்பது என்பது சொல்லப்படுவதில்லை.

என் வாதம் இது. எந்தச் சுருதியில் தொடங்குவது, ஒரு தடவைக்கு எத்தனை சுரம் கொடுப்பது, பிழையை எந்தச் சொற்களால் காட்டுவது, முந்தைய ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததை என்ன செய்வது ஆகிய அன்றாடத் தொழில்சார் தீர்மானங்களிலேயே பிள்ளையின் நம்பிக்கை வளர்கிறது அல்லது முறிகிறது. ஆசிரியரின் நல்ல குணமும் அன்பும் வேண்டும்தான். ஆனால் இந்தத் தீர்மானங்கள் பிழைத்துவிட்டால் அன்பு மட்டும் பிள்ளையைக் காப்பாற்றாது.

2. பழக்கமான இரண்டு விளக்கங்கள்

வன்னியில் சங்கீதக் கல்வியைப் பற்றிய பேச்சு இரண்டு வழிகளில் ஓடுகிறது. ஒன்று பரீட்சை. மற்றது ஆற்றுப்படுத்தல்.

பரீட்சை வழிக்கு நீண்ட வரலாறு உண்டு. வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்தி, ஆசிரியர் தரத்தில் சித்தியடைந்தோருக்குக் கலாவித்தகர் பட்டம் வழங்கி வருகிறது. மருதனார்மடத்தில் 1960 இல் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி, 1975 இல் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்து இராமநாதன் நுண்கலைக்கழகமாயிற்று. வட மாகாணத்துச் சங்கீத ஆசிரியர்களில் பலர் இந்த இரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாக, அல்லது இரண்டின் வழியாகவும், வந்தவர்கள். க.பொ.த. சாதாரண தரத்தில் எழுத்துத் தாளோடு செய்முறைப் பரீட்சையும் உண்டு. இந்த ஏற்பாடுகள் கலைக்கு ஒழுங்கான ஏணியைத் தந்தன. நூலகமோ கச்சேரி மேடையோ அருகில் இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கு, அடுத்தது என்ன என்று காட்டும் பாடத்திட்டம் பெரிய உதவி. இதைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. ஆயினும் பரீட்சை தன்னிடம் வந்தவர்களைத்தான் அளக்கும். தரம் 9 முடிவில் விலகிப்போன பிள்ளையைப் பற்றி அதனிடம் எந்தத் தகவலும் இல்லை. சித்தி வீதத்தை மட்டும் பார்த்து ஒரு பாடசாலையின் சங்கீதக் கற்பித்தலை மெச்சும்போது, எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு வெளியேறினார்கள் என்ற கணக்கு விடுபட்டுப்போகிறது.

இரண்டாவது வழி 2009 இல் யுத்தம் முடிந்தபின் வலுப்பெற்றது. ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறி முகாம்களில் அடைபட்டார்கள். அவற்றுள் மிகப் பெரியதான செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. வீணையும் வயலினும் ஆர்மோனியமும் பாடக் கொப்பிகளும் பாதைகளில் கைவிடப்பட்டன. அந்த நிலையில் ஆட்டமும் பாட்டும் பிள்ளைகளின் மனக்காயத்தை ஆற்றும் என்ற நம்பிக்கை இயல்பாகவே எழுந்தது. அந்த நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால் சான்றுகள் எச்சரிக்கையோடு வாசிக்கப்பட வேண்டியவை. வட இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகள் 399 பேரிடையே விட்சே டொல் குழுவினர் நடத்திய ஆய்வு 2012 இல் வெளிவந்தது. 15 அமர்வுகள் கொண்ட அந்தத் திட்டத்தில் சிந்தனைப் பயிற்சிகளோடு கூட்டு விளையாட்டும் கலைவழி வெளிப்பாடும் சேர்ந்திருந்தன. முதன்மையாக எதிர்பார்த்த பலன்கள் பிள்ளைகள் அனைவரிடமும் பொதுவாகத் தோன்றவில்லை. நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன, ஆண்பிள்ளைகளுக்குச் சில நன்மைகள் கிடைத்தன. ஆனால் பங்குபற்றிய பெண்பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள், காத்திருப்புப் பட்டியலில் இருந்த பெண்பிள்ளைகளைவிடக் குறைவாகவே தணிந்தன. கலைச் செயற்பாடு எவருக்கும் எப்போதும் மருந்து என்ற பொதுக்கூற்று இந்த முடிவின் முன் நிற்காது.

இதே படிப்பினையை வெனிசுவேலாவும் தருகிறது. ஹோசே அன்டோனியோ அப்ரேயு 1975 இல் தொடங்கிய எல் சிஸ்டெமா, வறிய பிள்ளைகளை இசைக்குழுக்களில் சேர்த்து மீட்டெடுக்கும் திட்டமாக உலகெங்கும் போற்றப்பட்டது. ஜெஃப்ரி பேக்கர் 2014 இல் வெளியிட்ட நூல் அந்தப் புகழை உள்ளிருந்து சோதித்தது. ஒத்திகை அறையில் நிலவிய அதிகாரமும் அச்சமும் அங்கே வெளிப்பட்டன. சமூக நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பிள்ளை அனுபவிப்பது அறைக்குள் நடப்பதைத்தான்.

ஆற்றுப்படுத்தல் பேச்சில் இன்னொரு சிக்கல் காலம் பற்றியது. 2025 இல் தரம் 6 இல் இருக்கும் பிள்ளை 2014 வாக்கில் பிறந்தது. சாதாரண தரம் எழுதும் பிள்ளையும் யுத்தம் முடிந்த ஆண்டளவில் பிறந்ததுதான். யுத்தம் இவர்களின் சொந்த நினைவு அல்ல. அது பெற்றோரின் நினைவு. இவர்கள் சுமப்பது தந்தையற்ற வீட்டின் வருமானத்தையும், நுண்கடனையும், 2022 பொருளாதார நெருக்கடி விட்டுப்போன செலவுகளையும்தான். யுத்தத்தை நேரில் கண்டவர்கள் வகுப்பறையின் மறுபுறம் நிற்கிறார்கள். முப்பதைத் தாண்டிய, வன்னியிலே பிறந்து வளர்ந்த ஆசிரியை ஒருவர் 2009 இல் பாடசாலை மாணவி. வன்னிச் சங்கீத வகுப்பில் காயத்தைப் பற்றிப் பேசுவதானால் முதலில் ஆசிரியரைப் பற்றிப் பேச வேண்டும். இதற்குக் கடைசிப் பகுதியில் வருகிறேன்.

3. ஆய்வுகள் சொல்வதும் அவற்றின் எல்லையும்

இசைக் கல்வி உளவியலில் இரண்டு ஆய்வுகள் நமது கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகின்றன. கரி மக்பேர்சனும் ஜோன் மக்கோர்மிக்கும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், இசைத் தரப்பரீட்சைக்குத் தோற்றிய 686 பிள்ளைகளிடம் பரீட்சை அறைக்குள் போகுமுன் வினாக்கொத்து கொடுக்கப்பட்டது. பெறுபேற்றை முன்கூட்டியே மிகச் சரியாகக் காட்டியது, "என்னால் முடியும்" என்ற அவர்களின் சொந்த மதிப்பீடே. பயிற்சி செய்த நேரத்தைவிட அது நெருக்கமாகப் பொருந்தியது. இதைப் பிடித்துக்கொண்டு, நம்பிக்கையை ஏற்றிவிட்டால் புள்ளி ஏறும் என்று சொல்ல முடியாது. நன்றாக ஆயத்தமான பிள்ளைக்குத் தான் ஆயத்தம் என்பது தெரியும். அந்த அறிவே அங்கே நம்பிக்கையாகப் பதிவாகியிருக்கலாம். எனக்கு அந்த முடிவு உணர்த்துவது வேறு: பிள்ளை தன் திறனைப் பற்றி வைத்திருக்கும் கணிப்பு வெறும் மனநிலை அல்ல, அது பெரும்பாலும் சரியான தகவல். அந்தத் தகவலை நல்லதாக மாற்ற வேண்டுமென்றால் பாட்டைத்தான் நல்லதாக்க வேண்டும்.

ஜேன் டேவிட்சன், ஜோன் ஸ்லொபோடா முதலியோர் இங்கிலாந்தில் 257 இளையோரிடம் நடத்திய ஆய்வு 1998 இல் வெளிவந்தது. நீண்டகாலம் இசையில் நிலைத்தவர்கள் தங்கள் முதல் ஆசிரியரை அன்பானவர், கலகலப்பாகப் பேசுபவர் என்று நினைவுகூர்ந்தார்கள். பிற்கால ஆசிரியரைப் பற்றிச் சொல்லும்போது கண்டிப்பும் வேலையில் குறியும் முன்னுக்கு வந்தன. இடையில் விட்டவர்களின் நினைவில் முதல் ஆசிரியர் அவ்வளவு அன்பானவராக இல்லை. நினைவில் இருந்து சொன்ன பதில்கள் என்பதால் இதை அளவோடு எடுக்க வேண்டும். ஆனாலும் நமது மரபில் முறை தலைகீழாக இருப்பதை இது கவனிக்க வைக்கிறது. சரளி வரிசையில்தான் நாம் கண்டிப்பைக் குவிக்கிறோம். கீர்த்தனைக்கு வந்த மாணவரிடம் இளகிப்போகிறோம். "அடியாத மாடு படியாது" என்ற பழமொழி இன்னும் ஆசிரியர் அறைகளில் கேட்கிறது. உடல்ரீதியான தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கை வந்து இருபது ஆண்டுகளாகின்றன. பாடும் குரலுக்கு அடியைப் பற்றிய அச்சமே போதும். தோள் இறுகும், மூச்சு மேலேறும், சுருதி ஏறிப்போகும். பண்டுராவின் நான்காவது ஊற்று இப்படித்தான் அடைபடுகிறது.

4. வகுப்பறைக்குள்: ஐந்தரைக் கட்டை

முப்பத்தைந்து, நாற்பது பிள்ளைகள் இருக்கும் தரம் 8 வகுப்பொன்றை எடுத்துக்கொள்வோம். ஆணும் பெண்ணும் கலந்த வகுப்பு. ஆசிரியை கைபேசியை மேசையில் வைத்துச் சுருதிச் செயலியைத் திறக்கிறார். ஐந்தரைக் கட்டை. அவர் படித்த காலம் முதல் பாடிவரும் சுருதி அது. மாயாமாளவகௌளையில் மேல்ஸ்தாயி வரிசை தொடங்குகிறது. பெண்பிள்ளைகள் பெரும்பாலோர் கூடவே போகிறார்கள். பின்வரிசைப் பையன்களில் ஐந்தாறு பேருக்குப் பதின்மூன்று வயதில் குரல் உடையத் தொடங்கியிருக்கிறது. அவர்களுக்கு ஷட்ஜம் நிற்கும். பஞ்சமம் வரை ஒருவாறு ஏறும். தைவதத்தில் குரல் பிளக்கும். ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடலாமென்றால் ஷட்ஜம் அடித்தொண்டையில் வெறும் காற்றாகப் போகும். மேலேயும் இடமில்லை, கீழேயும் இடமில்லை. முன்வரிசை திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. அடுத்த கிழமை அந்தப் பையன்கள் உதட்டை மட்டும் அசைக்கிறார்கள். தவணை முடிவில் அறிக்கையில் "சுருதி சேரவில்லை" என்று எழுதப்படுகிறது.

இங்கே சேராதது பிள்ளையா, சுருதியா? குரல் உடையும் பருவத்துப் பையன்களின் குரலெல்லையை அமெரிக்க இசைக் கல்வியாளர் ஜோன் குக்சி 1970களில் படிப்படியாக விவரித்தார். அந்தப் படிகளைக் கட்டைக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால், மேலே சொன்ன பையன்களுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு கட்டை வரையான சுருதியில் ஒரு முழு ஸ்தாயி வசதியாகக் கிடைக்கிறது. அவர்கள் அங்கே பாட வல்லவர்கள். பாடச் சொல்லி எவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆண் ஆசிரியர் கற்பிக்கும் வகுப்பில் இதே சிக்கல் மறுபுறமாக வரும். அவர் ஒன்றரைக் கட்டையில் பாட, தரம் 6 பிள்ளைகள் ஒரு ஸ்தாயி மேலே பிடிக்கிறார்கள். கீழே சுகமாக இருக்கும். மேல் ஷட்ஜத்தைத் தாண்டியதும் கழுத்து நரம்பு புடைக்கும். அவர் குறை கூறாவிட்டாலும் பிள்ளைக்குத் தன் குரல் போதாது என்ற முடிவு வந்துவிடும்.

கச்சேரி மரபு இதை எப்போதோ தீர்த்துவைத்திருக்கிறது. பாடகர் தனக்கேற்ற சுருதியை வைத்துக்கொள்கிறார், வயலினும் மிருதங்கமும் அவருக்கு இணங்குகின்றன. பாடசாலை வகுப்பில் மட்டும் சுருதி ஆசிரியருடையதாக இருக்கிறது. மாற்றுவது கடினமும் அல்ல. ஒவ்வொரு பிள்ளையையும் சுருதி இல்லாமல், தெரிந்த தேவாரமோ பாட்டோ ஒன்றைத் தன்பாட்டில் பாடவிட்டால் குரல் தானாக எங்கே அமர்கிறது என்பது தெரிந்துவிடும். அதைச் செயலியோடு ஒப்பிட்டு, வரவுப் பதிவேட்டின் ஓரத்தில் அந்தப் பிள்ளையின் கட்டையைக் குறித்துக்கொள்ளலாம். ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும். தவணைக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும், ஏனெனில் பையன்களின் குரல் மாதங்களில் மாறும். ஒன்றரையிலும் ஐந்தரையிலுமாக மாறிமாறி இரண்டு அணிகளைப் பாடவைப்பதில் காதுக்குக் குழப்பமும் குறைவு. ஒன்றரைக் கட்டையின் பஞ்சமமே ஐந்தரைக் கட்டையின் ஷட்ஜம். ஓர் அணி பாடும்போது மற்ற அணி தாளம் போட்டுக் கேட்கும். கேட்பதும் படிப்புத்தான்.

சுருதிக்கு அடுத்தது படியின் அளவு. புரந்தரதாசர் பெயரால் வழங்கும் அப்பியாச முறை மாயாமாளவகௌளையில் தொடங்குவதற்கு நல்ல காரணம் உண்டு: ஸரிகம, பதநிஸ என்ற இரண்டு பாதிகளும் ஒரே இடைவெளிகளைக் கொண்டவை. ஒரு பாதி கைவந்தால் மற்றதும் வரும். ஆனால் ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையில் உள்ள தாவல் புதிய குரலுக்குப் பெரியது. முதல் வகுப்பிலேயே முழு ஸ்தாயியையும் ஏறி இறங்கச் சொல்வதைவிட, ஸரிகம என்ற நாலு சுரத்தில் இரண்டு கிழமை தங்குவது மரபுக்கு முரணல்ல. பிரித்தானிய ஆய்வாளர் கிரஹாம் வெல்ச் சிறுவர்களிடம் கண்டதும் இதற்குத் துணை நிற்கிறது: சொற்களோடு முழுப் பாட்டைப் பாடும்போது பிசகும் பிள்ளைகள், சிறு சுரத்துண்டுகளைக் கேட்டுத் திருப்பிப் பாடும்போது கூடுதல் திருத்தமாகப் பாடுகிறார்கள்.

"காது இல்லாத பிள்ளை" என்ற தீர்ப்பையும் இங்கே மறுபரிசீலனை செய்ய வேண்டும். பிறவியிலேயே சுரபேதம் உணர முடியாதவர்கள் நூறு பேரில் ஓரிருவர், மிகக் கூட்டிச் சொன்ன மதிப்பீட்டிலும் நால்வர். பீற்றர் ஃபோர்ட்ரெஷரும் ஸ்டீவன் பிரவுனும் 2007 இல் காட்டியபடி, சுருதி பிசகிப் பாடுவோரில் பெரும்பாலோர் பிசகைக் கேட்டு உணரக்கூடியவர்கள். கேட்டதைக் குரலால் செய்துகாட்டுவதில்தான் அவர்களுக்குத் தடை. அப்படியானால் வகுப்பில் விலக்கப்படும் பிள்ளைகளில் மிகப் பலர் பயிற்சியால் மீளக்கூடியவர்கள்.

5. பிழையைச் சொல்லும் முறை

அவ்ராம் குளூகரும் அஞ்சலோ டெனிசியும் 1996 இல் நூற்றாண்டுக்கால ஆய்வுகளைத் திரட்டிப் பகுத்தபோது, பின்னூட்டம் தரப்பட்ட சந்தர்ப்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் செயல் முன்னையதைவிட மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டு "நான் எப்படிப்பட்டவன்" என்பதன் பக்கம் திரும்பும்போது இது நேர்கிறது என்பது அவர்களின் விளக்கம்.

சங்கீத வகுப்பில் இதன் பொருள் தெளிவு. "பிழை, இரு" என்றால் பிள்ளை தன்னைப் பற்றி யோசிக்கத் தொடங்கும். "ஸ சரியாத்தான் நிக்குது. ரி கொஞ்சம் மேலை போட்டுது. ஸவைக் கேட்டிட்டு ரியை மட்டும் எடுங்கோ பாப்பம்" என்றால் பிள்ளை ரிஷபத்தைப் பற்றி யோசிக்கும். இரண்டாவது கூற்றில் புகழ்ச்சி எதுவும் இல்லை. ஆனால் பிழை எங்கே, எந்தப் பக்கம், எதைப் பிடித்துத் திருத்துவது என்ற மூன்றும் இருக்கின்றன. அந்த ரிஷபம் அடுத்த முயற்சியில் சரியாக விழும்போது, அதைத் தன் காதாலேயே கேட்டு உறுதிசெய்யும் வாய்ப்பும் பிள்ளைக்குக் கிடைக்கிறது. ஆசிரியர் "சரி" என்று சொல்லுமுன் "இப்ப எப்பிடி?" என்று பிள்ளையைக் கேட்பது, அந்த வாய்ப்பை வலுப்படுத்தும் எளிய வழி.

பாராட்டிலும் இதே வேறுபாடு உண்டு. "உனக்கு நல்ல சாரீரம்" என்பது நமது ஊர்களில் மிகப் பெரிய பாராட்டு. கரோல் டுவெக்கும் குளோடியா முல்லரும் 1998 இல் செய்த பரிசோதனைகளில், திறமைசாலி என்று புகழப்பட்ட பிள்ளைகள் அடுத்த வேலை கடினமானபோது விரைவில் தளர்ந்தார்கள், முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் தொடர்ந்தார்கள். இதை அடியொற்றி எழுந்த பயிற்சித் திட்டங்களின் விளைவு மிகச் சிறியது என்று பிற்காலப் பகுப்பாய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே இதை மந்திரமாக எடுக்கத் தேவையில்லை. எனினும் சாரீரத்தைப் புகழ்வதில் இன்னொரு கேடு உண்டு. புகழப்பட்ட ஒருத்தியைச் சுற்றி அமர்ந்திருக்கும் முப்பத்தொன்பது பேரும், தங்களுக்கு அது இல்லை என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

6. பாடாந்தரமும் இடமாற்றமும்

வன்னிக்கே உரிய சிக்கல் இது. துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, பூநகரி போன்ற இடங்களின் பாடசாலைகளில் பல கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகுக்கப்பட்டவை. ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் யாழ்ப்பாணத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வருபவர்கள். கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் ஊருக்கு மாற்றம் கேட்பது அவர்களின் உரிமை. வயதான பெற்றோரையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு வருபவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தரம் 6 இற்கும் தரம் 11 இற்கும் இடையில் ஒரு பிள்ளை இரண்டு, மூன்று சங்கீத ஆசிரியர்களைக் காண நேர்கிறது. இடைவெளியில் ஆசிரியரே இல்லாத தவணைகளும் வரும்.

கணித ஆசிரியர் மாறினாலும் பின்னக் கணக்கு மாறாது. சங்கீதத்தில் ஆசிரியர் மாறினால் பாடாந்தரம் மாறும். ஒரே கீதத்தின் ஒரு சுரம், ஒரு கீர்த்தனையின் சங்கதி, தாளம் எடுக்கும் இடம் என்பவை குருவுக்குக் குரு வேறுபடுபவை. புதிய ஆசிரியை முதல் நாளில் பழைய பாட்டொன்றைப் பாடச் சொல்கிறார். பிள்ளை பாடுகிறது. "இதை ஆர் இப்பிடிச் சொல்லித் தந்தது? முழுக்கப் பிழை" என்கிறார். அவர் பாட்டைத்தான் சொல்கிறார். பிள்ளைக்கோ இரண்டு வருட உழைப்பு ஒரே வாக்கியத்தில் அழிந்துபோகிறது. பண்டுரா சொன்ன முதல் ஊற்றான, தானே செய்து வென்ற அனுபவம், பின்னோக்கிப் போய்ப் பொய்யாக்கப்படுகிறது. இதைவிட ஆழமாகப் பிள்ளையின் நம்பிக்கையை வெட்டும் வேறொன்றை நான் அறியேன்.

மாற்றுவழி எளிது. "அந்த ரீச்சரின்ர பாடாந்தரம் அது. நான் படிச்சது இப்பிடி. ரெண்டையும் பாடிப் பாப்பம்" என்று சொன்னால் அதே சந்தர்ப்பம் உயர்ந்த பாடமாகிவிடும். பாடாந்தர பேதம் என்பது இந்த இசையின் அடிப்படை உண்மை, அதைப் பதினொரு வயதில் அறிவது நன்மையே. இன்னொன்று கையளிப்புக் குறிப்பு. மாற்றலாகிப் போகும் ஆசிரியர், எந்த வகுப்பு எதுவரை வந்தது, எவரின் சுருதி என்ன, எவர் தனியே பாடப் பழகியிருக்கிறார், எந்தப் பாட்டை எந்தப் பாடாந்தரத்தில் சொல்லிக்கொடுத்தேன் என்று நாலு பக்கம் எழுதி அதிபரிடம் வைத்துவிட்டுப் போகலாம். சுகாதார நிலையத்தில் குழந்தைக்கு நிறை அட்டை இருப்பதுபோல், குரலுக்கும் ஒரு தொடர் பதிவு வேண்டும்.

7. யாருடைய பாட்டு

வன்னியில் பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலும் சிலம்பு கூறலும், அரிவி வெட்டுப் பாடல்களும், குருவிப்பள்ளு, பன்றிப்பள்ளு, வேழம் படுத்த வீராங்கனை போன்ற கதைப்பாடல்களும், காத்தவராயன் கூத்தும் கோவலன் கூத்தும் இந்த மண்ணில் வாழ்ந்தவை. கத்தோலிக்கக் கிராமங்களில் தவக்காலத்துப் பசாம் வாசிப்பு உண்டு. 1977 வன்செயல்களுக்குப் பின் கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளில் குடியேறிய மலையகத் தமிழர் தங்கள் காமன் கூத்தையும் தப்பையும் கொண்டுவந்தார்கள். யுத்த காலத்தில் ஒரு தலைமுறை மனப்பாடமாக்கிய பாடல்களும் உண்டு. 2009 இற்குப் பின் அவற்றைப் பொதுவில் பாடுவது அரிதாயிற்று. தாய்க்கு அதிகம் தெரிந்த பாட்டு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடியாத பாட்டாக இருப்பது, வீட்டுக்குள் பாட்டின் தொடர்ச்சி அறுந்ததற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பாடத்திட்டத்தில் நாட்டார் பாடலுக்கு இடம் இருக்கிறது. நடைமுறையில் அது வரைவிலக்கணமாக, கொப்பியில் எழுதி மனனம் செய்யும் விடையாகச் சுருங்கிவிடுகிறது. மாறாக, தரம் 6 இன் முதல் மாதத்தில் பிள்ளைக்கு வீட்டில் தெரிந்த பாட்டொன்றிலிருந்து தொடங்கினால் என்ன? நாட்டார் மெட்டுகள் பல நாலைந்து சுரங்களுக்குள் அடங்குபவை. புதிய குரலின் எல்லைக்கு அவை பொருத்தம். பாட்டியிடம் கேட்டுவந்த தாலாட்டைப் பிள்ளை பாட, ஆசிரியர் அதன் சுரங்களைக் கண்டுபிடித்துப் பலகையில் எழுதினால், சுரம் என்பது ஏற்கெனவே தன் வாயில் இருந்த ஒன்று என்பதைப் பிள்ளை காண்கிறது. பிறகு சரளி வரிசைக்குப் போகும்போது அது அந்நியமாக இராது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கூத்துப் பாட்டையும் தப்பின் அடியையும் கர்நாடக இசைக்கு ஏறும் படிக்கட்டாக மட்டும் பயன்படுத்தினால், பழைய மேல்கீழ் வரிசையே திரும்பவும் நிலைபெறும். சாதி எந்த வாத்தியத்தை எங்கே நிறுத்தியது என்பதை இந்தச் சமூகம் அறியும். தப்பு அடிக்கும் வீட்டுப் பிள்ளையின் தாள அறிவை வகுப்பு முன்னிலையில் அறிவாகவே ஏற்று, சாப்பு தாளத்தை விளக்க அவனையே முன்னுக்கு அழைக்கும் ஆசிரியர், பாராட்டுரை எதுவும் இல்லாமல் பெரிய காரியம் செய்கிறார்.

8. மேடையும் செய்முறைப் பரீட்சையும்

தமிழ்மொழித் தினப் போட்டிகள் பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறி அகில இலங்கை மட்டம் வரை போகின்றன. துணுக்காயிலிருந்து ஒரு குழு மாகாணத்துக்குப் போவது ஊருக்கே பெருமை. அதற்காக எட்டுக் குரலைத் தெரிந்து, மூன்று மாதம் அவற்றையே பழக்குவதில்தான் சங்கடம். எஞ்சியோர் மைதானத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். குழுவுக்குள்ளேயும் "நீ மெல்லமாப் பாடு" என்று ஒருவருக்குச் சொல்லப்படுகிறது. போட்டியை விடச் சொல்லவில்லை. போட்டிப் பாட்டை வகுப்பு முழுவதும் கற்று, பரிசளிப்பு விழாவில் வகுப்பாகப் பாடலாம்.

தனியே பாடும் துணிவும் படிப்படியாக வர வேண்டியது. வரிசையாக, நால்வராக, இருவராக, இறுதியில் ஒருவராக என்று இறங்கிவந்தால் தரம் 9 முடியுமுன் ஒவ்வொரு பிள்ளையும் தனிக்குரலைத் தானே கேட்டிருக்கும். சாதாரண தரச் செய்முறைப் பரீட்சையில் பிள்ளை முன்பின் அறியாத பரீட்சகர்களின் முன் அமர்கிறது. அதற்குமுன் ஒரு தடவையேனும் அயற்பாடசாலை ஆசிரியர் ஒருவரின் முன் பாடிப் பழகியிருந்தால், அந்நிய முகம் பற்றிய அச்சம் பாதியாகக் குறையும்.

9. ஆசிரியரின் குரல்

வன்னியில் பெரும்பாலான பாடசாலைகளில் சங்கீத ஆசிரியர் ஒருவர்தான். அவர் பாடியதைக் கேட்டுச் சொல்ல அந்தக் கட்டடத்தில் எவரும் இல்லை. காலைப் பிரார்த்தனை, விளையாட்டுப் போட்டி, அதிகாரிகளின் வரவேற்பு எல்லாவற்றுக்கும் பாட்டு அவர் பொறுப்பு. இடம்பெயர்விலும் முகாமிலும் பாடம் கற்று, விட்ட இடங்களைத் தாமே நிரப்பிப் பட்டம் பெற்றவர்களுக்குத் தங்கள் வித்தையைப் பற்றிய சந்தேகம் உள்ளூர இருக்கும். அந்தச் சந்தேகம் வகுப்பில் இறுக்கமாக வெளிப்படுகிறது. புத்தகத்தை விட்டு விலகாமை, பிள்ளையின் கேள்விக்கு எரிச்சல், பாடிக்காட்டாமல் ஒலிப்பதிவைப் போட்டுவிடுதல் எல்லாம் இதன் முகங்கள். வகுப்பில் பிள்ளையின் தன்னம்பிக்கையைப் பேசும் எந்தப் பயிற்சிக் கருத்தரங்கும், ஆசிரியருக்குப் பாடக் கிடைக்கும் மணித்தியாலங்களைப் பற்றிப் பேசாவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

வலய மட்டத்தில் அழகியல் ஆசிரியர்களை அழைத்து நடத்தும் கூட்டங்கள் சுற்றறிக்கை வாசிப்பிலும் படிவம் நிரப்புவதிலும் கழிவதுண்டு. அவற்றில் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கி, ஆசிரியர்கள் ஒருவர் முன் ஒருவர் பாடலாம். ஒரே கீதத்தை நாலு பாடாந்தரத்தில் கேட்கலாம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நாதஸ்வர, தவில் வித்துவான்களும் அண்ணாவிமாரும் இருக்கிறார்கள். அவர்களை அந்த அறைக்கு அழைக்கப் பெருந்தொகை தேவையில்லை. அங்கே ஒரு ஆசிரியை தனக்கு இன்னும் பிடிபடாத சங்கதியை மற்றவர் முன் மூன்று தரம் முயன்று பாடிப் பழகினால், அதே சங்கதியைப் பிள்ளைகள் முன்னும் மூன்று தரம் முயன்று பாடத் தயங்கமாட்டார்.